போடாத ஊசிக்கு வந்த பாராட்டு

ஒரு பன்றிக்கு ஊசி போட மூன்று பேர் வேண்டும் என்பார் ஊசிக்காரர். பிடிக்க ஒருவர், போட ஒருவர், விழுந்தவரைத் தூக்கிவிட ஒருவர். அன்று காலை பண்ணையில் அவரையும் பண்ணையம்மாவையும் விட்டால் வேறு ஆள் கிடையாது. யார் விழுந்தாலும் மற்றவர்தான் தூக்க வேண்டும்.

மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கூரைக்குக் கீழே முப்பத்திரண்டு தாய்ப்பன்றிகள். ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை. எல்லாமே ஒரு மாதத்துச் சினை. அரசாங்கத் திட்டத்தில் வளர்கிற பன்றிகள் அவை. நிறைசினை ஆனதும் முப்பத்திரண்டு ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப்போகிறார்கள். அதுவரை வளர்த்துத் தரும் பொறுப்பு பண்ணையம்மாவுடையது. பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடும் பொறுப்பு நம்மவருடையது.

கால்நடை மருந்தகத்தில் அவருக்கு இருபத்தாறு வருஷ வேலை. ஊரில் எல்லோரும் அவரை ஊசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். போன வருஷம் ஒரு தாய்ப்பன்றி முட்டித் தள்ளியதில் அவருடைய இடது முழங்கால் சில்லு விலகியது. மூன்று மாதம் கட்டிலோடு கிடந்து எழுந்து வந்தார். கால் சரியாகிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. பன்றி கத்தினாலே இரண்டடி பின்னால் போவார். ஆனால் ஊசிக்காரன் பன்றிக்குப் பயப்படுகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சமையல்காரன் அடுப்புக்குப் பயந்த கதையாகிவிடுமே என்று மூச்சு விடாமல் இருந்தார்.

மருந்தைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு முதல் பன்றியின் வாயில் கயிற்றை மாட்டினார். அது போட்டதே ஒரு கூச்சல்! உடனே மற்ற முப்பத்தொன்றும் சேர்ந்துகொண்டன. மழைச் சத்தம்கூட அதில் அமுங்கிப்போனது. கயிறு கையிலிருந்து நழுவியது. அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

பண்ணையம்மா ஓடி வந்தாள். "சார், சார், கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாம் சினையா இருக்குதுங்க. இப்படி மிரண்டா கலைஞ்சிடாதா?"

"ஊசியால எல்லாம் கலையாதும்மா."

"ஊசியால கலையாதுன்னா, மிரட்சியால கலையும்ல? ஒண்ணு கலைஞ்சாலும் என் தலையிலதான் விடியும். இப்ப போட்டே ஆகணுமா?"

"போடலைன்னா மேல கேப்பாங்க."

"கேட்டா போட்டாச்சுன்னு சொல்லிட்டுப் போங்களேன். இந்தப் பக்கம் அந்த நோய் வந்து ஆறு வருஷமாச்சு. எங்கேயோ இருக்கறதுக்கு இங்க எதுக்கு ஊசி?"

அவர் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தடுப்பூசி என்றால் நோய் வருவதற்கு முன்னால் போடுவது என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் முழங்கால்தான் அவருக்கு யோசனை சொன்னது. "சரி, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார். பண்ணையம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

கரைத்த மருந்து வாய்க்காலில் போனது. பதிவேட்டில் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வில்லை எண்கள் வரிசையாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் நேராக 'போடப்பட்டது' என்று முப்பத்திரண்டு முறை எழுதினார். ஊசிக்காரருக்கு முத்து முத்தான கையெழுத்து. பண்ணையம்மா சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பன்றிகளும் அமைதியாகிவிட்டன. யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத பொய்யாகத்தான் அது இரண்டு பேருக்கும் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஓர் உத்தரவு வந்தது. கொடுப்பதற்கு முன்னால் தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க முப்பத்திரண்டு பன்றிகளின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டுமாம். ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. கூட வந்த இரண்டு ஆட்கள் பிடிக்க, மளமளவென்று ரத்தம் எடுத்துக் குழாய்களில் நிரப்பினாள். வில்லை எண்ணை வாசிப்பது ஊசிக்காரர் வேலை. அவர் வாசித்த வாசிப்பில் ஐந்து இரண்டு முறை வந்தது, ஒன்பது வரவே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. போடாத ஊசிக்கு ரத்தத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. மின்சாரம் போய் மருந்து கெட்டிருக்கலாம், கம்பெனி மருந்தே சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்று சாக்குகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எட்டாம் நாள் ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பலி ஆடு மாதிரி போனார்.

"வாங்க, வாங்க!" என்று டாக்டர் எழுந்து வந்தாள். "உங்களைப் பார்க்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இதைப் பாருங்க முதல்ல."

மேஜை மேல் உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. சில குழிகள் வெறுமையாக இருந்தன. முப்பத்திரண்டு மட்டும் மஞ்சள். சும்மா மஞ்சள் இல்லை, வெயிலில் பூத்த பூசணிப் பூவின் மஞ்சள்.

"ஒரு குழி ஒரு பன்றி. குழியோட அடியில நோய்க்கிருமியோட துண்டுகளை ஒட்டி வச்சிருக்கோம். மேல பன்றியோட ரத்தத்துல தெளிஞ்சு நிக்கிற நீரை ஊத்தினோம். அந்தக் கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடி ரத்தத்துல இருந்தா அது போய்க் கெட்டியா ஒட்டிக்கும், கழுவினாலும் போகாது. ஒட்டின இடத்துல மட்டும் நிறம் வரும். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டும் வந்திருக்கு! எந்தப் பண்ணையிலயும் ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். நீங்க ஒண்ணைக்கூட விடலை. நம்ம துறைப் பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதி நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

ஊசிக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடவுளே வந்து காப்பாற்றிவிட்டாரா? இல்லை, வேறு யாராவது வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்களா?

"இது எப்படிம்மா வருது?" என்றார்.

அவள் கேட்டவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பாவம், அந்த ஆய்வகத்தில் இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. முடிவு என்ன என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஒரு துணிக்கடையை நினைச்சுக்குங்க. வர்ற ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிற கடை இல்ல. ஏற்கெனவே தைச்சு மாட்டின சட்டைங்க, கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணும் ஒரு அளவு. உலகத்துல இதுவரைக்கும் வராத கிருமிக்குக்கூட அங்க எங்கேயோ ஒரு சட்டை தொங்குது. பொறக்கும்போதே அந்தக் கடையோடதான் பன்றி பொறக்குது. நாமளும் அப்படித்தான்."

"வராத நோய்க்குக்கூடவா?"

"வராத நோய்க்குக்கூட! கிருமி உள்ள வந்ததும் எந்தச் சட்டை பொருந்துதுன்னு உடம்பு தேடும். கண்டுபிடிச்சதும் அதே அளவுல ராத்திரி பகலா லட்சம் லட்சமா தைச்சுத் தள்ளும். தைக்கத் தைக்க இன்னும் பொருத்தமாத் தைக்கும். அந்தச் சட்டைதான் ஆன்டிபாடி. ரெண்டு மூணு வாரத்துல ரத்தம் முழுக்க அதுதான். கிருமியைப் போய்ப் போர்த்தி, கையைக் காலை அசைக்க விடாமப் பண்ணிடும். கிருமி போன பிறகும் அந்த அளவை மட்டும் மறக்காது. சேத்துல புரள்றதேன்னு நாம மூக்கைப் பொத்திக்கிட்டுப் போற பிராணிக்குள்ள இத்தனை பெரிய வேலை நடக்குது. எனக்கு ஒவ்வொரு தடவை இந்த நிறம் வரும்போதும் உடம்பு சிலிர்க்கும், சார்."

ஊசிக்காரருக்கும் சிலிர்த்தது. இருபத்தாறு வருஷமாக ஊசியைக் குத்தினாரே ஒழிய, குத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அந்த மஞ்சள் குழிகளைப் பார்க்கப் பார்க்கக் கோயில் கர்ப்பக்கிருகத்தை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பிரமிப்புக்கு நடுவில்தான் கேள்வி ஒன்று எழுந்தது.

"ஊசி போடாமலே இந்த நிறம் வருமாம்மா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"வருமே. நோய் வந்து பிழைச்சிருந்தா வரும். உடம்புக்கு ஊசியில வந்த கிருமி, தானா வந்த கிருமின்னு பேதம் கிடையாது. ரெண்டுக்கும் ஒரே சட்டைதான்."

"அப்ப இது ஊசியால வந்ததா நோயால வந்ததான்னு எதை வச்சுச் சொல்வீங்க?"

"ரத்தம் அதைச் சொல்லாது. உங்க பதிவேடுதான் சொல்லணும்" என்றாள் அவள் சாதாரணமாக. "போட்டதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க, அதனால இது ஊசி. போடலைன்னு எழுதியிருந்தா இந்தத் தட்டைப் பார்த்து நான் அலறியிருப்பேன். முப்பத்திரண்டு பன்றிக்குள்ளயும் நோய் புகுந்து போயிருக்குன்னு அர்த்தம். அதுவும் சினையில!"

"சினையில வந்தா என்ன?"

"தாய் தப்பிச்சுக்கும். நாலு நாள் சோர்ந்து கிடந்துட்டு எழுந்துடும், சில வகைக் கிருமி வளர்ந்த பன்றியை அவ்வளவாத் தாக்காது. ஆனா தாயோட ஆன்டிபாடி கருப்பையைத் தாண்டிக் குட்டிக்குப் போகாது. பன்றிக்கு அந்த வழியே கிடையாது. பொறந்த முதல் நாள் சீம்பால்லதான் போகும். ஆனா கிருமி தாண்டிப் போயிடும். குட்டி அப்பதான் வயித்துக்குள்ள யாரு தன் ஆளு, யாரு அந்நியன்னு படிச்சுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல உள்ள வந்த கிருமியைத் தன் ஆளுன்னே நினைச்சுக்கும். அதுக்கு எதிரா ஒரு சட்டைகூடத் தைக்காது. பொறந்து நல்லா ஓடியாடும், பார்த்தா ஒண்ணும் தெரியாது. மாசக்கணக்கா சளியில, சாணியில கிருமியைக் கொட்டிக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி ஒரு குட்டி போதும், ஒரு ஊரே காலியாகும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க போட்டிருக்கீங்க."

அவர் எப்படி வெளியே வந்தார், எந்தப் பேருந்தில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நேரே பண்ணையில் போய் நின்றார்.

பண்ணையம்மாவுக்குச் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது. "கேட்டீங்களா சார்! பரீட்சையே எழுதாம முதல் மார்க்கு!" என்று வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"அம்மா, சிரிப்பு அப்புறம். இந்த ரெண்டு மாசத்துல பன்றிங்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

"உடம்புக்கா? ஒரு அஞ்சு வாரம் முன்ன நாலஞ்சு நாள் தீவனத்தைத் தொடலை. ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு படுத்துக்கிட்டுக் கிடந்துச்சுங்க. கண்ணுல பீளை. சீதோஷ்ணம் மாறினதுல அப்படின்னு விட்டுட்டேன். தானா எழுந்திரிச்சிருச்சு. ஏன் சார், முகம் இப்படி வெளுத்துப்போச்சு?"

அவர் கொட்டகைக்குள் நடந்தார். கொட்டகையின் கடைசி அறையில் ஒரு பன்றி படுத்திருந்தது. மற்றவற்றுக்கு இன்னும் நாள் இருக்க, இது மட்டும் முந்திக்கொண்டு அன்று காலைதான் குட்டி போட்டிருந்தது. ஒன்பதில் இரண்டு கறுத்துச் செத்து விழுந்தனவாம். ஏழு உயிரோடு இருந்தன. கடைசியாக வந்த குட்டியின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. யாரும் வழி சொல்லாமல், தாயின் பின்னங்காலைச் சுற்றி, வயிற்றோரமாகவே தட்டுத்தடுமாறிப் போய் ஒரு காம்பைக் கவ்வியது. தாய் அடித்தொண்டையில் தாளம் தப்பாமல் உறுமிக்கொண்டே படுத்திருந்தது. சீம்பால் உள்ளே போவது அந்தச் சின்னக் கழுத்தில் தெரிந்தது. தாய் ஐந்து வாரமாகத் தைத்துச் சேர்த்ததையெல்லாம் இப்போது குட்டிக்கு ஊட்டுகிறது என்று அவருக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. மனுஷன் கற்றுக்கொடுத்து நடக்கிற காரியமா இது?

ஏழு குட்டிகளில் இரண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. காம்பைப் பிடிக்கத் தலையைத் தூக்கினால் தலை ஆடியது, கால் ஆடியது, காதுகூட ஆடியது.

"குளிரு" என்றாள் பண்ணையம்மா. ஆனால் குட்டிகளுக்கு மேலே விளக்கு எரிந்து, அறை அடுப்படி மாதிரி சூடாக இருந்தது.

"குளிரு இல்லம்மா. வயித்துக்குள்ளயே கிருமி பிடிச்சா இப்படி ஆடும். நாம போடாத ஊசி" என்றார் அவர். கேட்டதையெல்லாம் அவளிடம் சொன்னார்.

அவள் முகம் மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினாள். "சார், உங்க ரத்தச் சோதனையே எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிடுச்சு. இன்னும் அஞ்சு நாள்ல வண்டி வந்து ஏத்திட்டுப் போயிடும். நாம எதுக்கு நம்ம வாயால மாட்டிக்கணும்? நீங்க வேலையை விட்டுட்டு இந்த வயசுல எங்க போவீங்க? எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அவர் வீட்டுக்குப் போனார். வீட்டில் மனைவி பாராட்டுக் கடிதத்தை அதற்குள் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தனுப்பியிருந்தாள். "நீங்க ஒரு ஊசிகூட விடலையாமே! எதிர்வீட்டுக்காரி காது கேக்கச் சத்தமா வாசிச்சேன்" என்றாள். ஊசிக்காரர் தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மருந்தகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் அவருக்காகவே வாசலில் காத்திருந்தாள். பன்றி வாங்கப்போகிற முப்பத்திரண்டு குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து பார்த்துட்டுப் போங்கண்ணே. பின்னாலதான் வீடு. கொட்டில் முடிஞ்சிருச்சு" என்றாள்.

வீட்டை ஒட்டி அவளே கையால் கட்டிய கொட்டில். இடித்த கட்டடத்திலிருந்து வாங்கிய மூன்று பழைய கதவுகளைப் படுக்க வைத்துச் சுவராக்கியிருந்தாள். ஒரு கதவில் யார் வீட்டுப் பெயர்ப்பலகையோ அழிந்தும் அழியாமலும் இருந்தது. தரைக்குச் சிமெண்டு போட்டு, தண்ணீர் ஓடச் சரிவு வைத்திருந்தாள். குட்டிகளுக்கென்று மூலையில் ஒரு தடுப்பு.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றார்.

"முதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன் அண்ணே. ஆறு வருஷத்துக்கு முன்ன அந்தக் காய்ச்சல்ல நாலே நாள்ல பதினொரு பன்றி போச்சு எனக்கு. பெரியவ படிப்பு அதோட நின்னுச்சு, இப்ப தையல் மிஷின்ல உக்காந்திருக்கா. இன்னொரு தடவை அந்தக் கொடுமையைப் பார்க்க என்னால முடியாது. அப்புறம் ஊசிப் பதிவேட்டை எடுத்துக் காட்டினாங்க. உங்க கையெழுத்து! எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா தினமும் உங்க மேஜையைத் துடைக்கிறவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? அண்ணன் போட்டிருக்காருன்னா பயமில்லைன்னு கை நாட்டு வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அவள் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டிக் காட்டினாள். ஊசிக்காரர் படுக்க வைத்த கதவின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போடலைம்மா" என்றார். "ஒரு பன்றிக்குக்கூடப் போடலை. பயந்துபோய் மருந்தை வாய்க்கால்ல ஊத்திட்டு எழுதினேன். அந்தப் பன்றிங்களுக்கு நோய் வந்துட்டுப் போயிருக்கு. குட்டிங்க நோயோட பொறக்குது. இங்க வந்தா உனக்கு மட்டும் இல்ல, இந்தத் தெருவுக்கே போச்சு."

அவள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

"ஊசி போடலைன்னதுகூடப் பரவாயில்லண்ணே" என்றாள் அவள் கடைசியில். "போடலைன்னு எழுதியிருந்தா நான் ஜாக்கிரதையா இருந்திருப்பேன். போட்டேன்னு எழுதினீங்க பாருங்க, அதுதான் என் கையாலயே கதவைத் திறந்துவிட வச்சிருக்கு." பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எழுந்திரிங்க. அந்த டாக்டரம்மாகிட்டப் போவோம். நானும் வர்றேன். தனியா போனா வழியில மனசு மாறிடும் உங்களுக்கு."

உண்மைதான். பேருந்தில் இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆய்வகத்து டாக்டர் முழுவதையும் கேட்டு முடித்தாள். மஞ்சள் குழித் தட்டின் படம் சுவரில் ஒட்டியிருந்தது. எழுந்து போய் அதைப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பண்ணைக்குக் கிளம்பினாள். நடுங்கின குட்டிகளின் ரத்தத்தில் உயிருள்ள கிருமி இருந்தது. நடுங்காத ஐந்தில் மூன்றிலும் இருந்தது. அந்த மூன்றும் சோதனைக்குப் பிடிக்க முடியாமல் துள்ளி ஓடினவை.

அடுத்த நாளே பண்ணைக்கு முத்திரை வைத்தார்கள். முப்பத்திரண்டு பன்றிகளையும் குட்டிகளோடு கொன்று புதைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று முடிவானது. அங்கே நின்றே ஆக வேண்டும் என்று ஊசிக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றார். எந்த மருந்தின் உதவியும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல், தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டு எழுந்து நின்ற உயிர்கள் அவை. அவற்றின் ரத்தம் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒவ்வொன்றாகக் காது வில்லையின் எண்ணை வாசித்தார். இந்த முறை ஓர் எண்ணும் தப்பவில்லை. பண்ணையம்மா மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள். பிறகு அவளே தாங்க முடியாமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

நோய் அந்த வேலியைத் தாண்டவில்லை. சுற்றுவட்டாரத்துப் பன்றிகளுக்கெல்லாம் நான்கே நாளில் ஊசி போட்டு முடித்தார்கள். ஊசிக்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

பெரிய டாக்டர் விசாரணைக் கோப்பை மூடி வைத்துவிட்டு ஊசிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "எனக்கு ஒண்ணுதான்யா புரியலை. சோதனை உங்களுக்குச் சாதகமா வந்தாச்சு. ரத்தமே உங்களுக்குச் சாட்சி சொல்லிடுச்சு. நீங்களா வந்து சொல்லலைன்னா உலகத்துல யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அப்புறம் ஏன்யா சொன்னீங்க?"

ஊசிக்காரர் எழுந்து நின்றார். முழங்கால் வலித்தது. ஆனால் இந்த முறை சுவரைத் தேடவில்லை.

"ரத்தம் எனக்குச் சாட்சி சொல்லலைங்க. 'எங்களுக்கு நோய் வந்திருக்கு, பார்த்துக்குங்க'ன்னு முப்பத்திரண்டும் சேர்ந்து அலறிச்சு. நான் எழுதி வச்ச ஒரு வார்த்தையால அந்த அலறல் உங்க காதுல நல்ல செய்தியா விழுந்துச்சு. அந்த வாயில்லா ஜீவனுங்க உடம்பு ஒரு துளிகூடப் பொய் எழுதாதுங்க. உள்ள வந்ததை வந்ததுன்னு எழுதும், வராததை எழுதாது. பேனா பிடிச்ச நான்தான் எழுதினேன். வேலையைச் செய்யாம விட்டா அது ஒரு தப்பு, அதைத் திருத்திக்க வழி இருக்கும். செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிட்டா, திருத்த வேண்டிய இடமே யார் கண்ணுக்கும் தெரியாமப் போயிடும். போட்டா போட்டேன்னு எழுதணும், போடலைன்னா போடலைன்னு எழுதணும். அவ்வளவுதாங்க. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கேயோ ஒருத்தி கொட்டில் கட்டிக்கிட்டு இருக்கா."